வண்டியோடு வந்த கற்கள்

போலீஸ் ஏட்டு காளிதாஸ் வேலையில் இருக்கும்போதே சாலையில் செத்துப்போய் ஒரு வருஷம் திரும்பிவிட்டது. திதி கொடுத்த மறுநாள் காலையில் அவர் மனைவி மஞ்சுளா, வேப்பமரத்தடியில் நின்ற லாரியைச் சுற்றிவந்து பார்த்தாள். டயரைச் சுற்றிப் புல் முளைத்திருந்தது.

“அத்தை, உங்க கோழி டிரைவர் சீட்டுல அடை படுத்திருக்குதுங்க.”

“அதாவது ஓட்டட்டும் அம்மிணி. இந்த ஊட்டு ஆம்பள ஓட்டமாட்டீங்கறானே,” என்றாள் மாமியார் மயிலம்மாள், அடுப்படியிலிருந்தே.

அந்த ஆம்பளை, காளிதாஸின் தம்பி நந்தகுமார். ஜேடர்பாளையத்துப் பக்கத்து ஆலைகளிலிருந்து வெல்லம் ஏற்றிக்கொண்டு ஆத்தூர்வரை இந்த லாரியை ஓட்டியவன். அண்ணன் போன நாளிலிருந்து ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. வாழைக்காட்டுக்குக் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தான். லாரிதானே அண்ணனைக் கொன்றது, அதனால் தம்பிக்கு லாரி என்றாலே ஆகவில்லை என்று ஊர் நினைத்தது. மஞ்சுளாவும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

நடந்தது இதுதான். வாழப்பாடிக்குக் கிட்டத்தில் யாரோ ஒரு லாரிக்காரன், வண்டி பழுதாகி நின்றபோது, பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியட்டும் என்று சாலையில் கல்லை வரிசையாக வைத்திருக்கிறான். வேலை முடிந்ததும் கல்லை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பிப் போய்விட்டான். ரோந்து வந்த காளிதாஸ் இறங்கி ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். கூட வந்தவர் ஜீப்பை ஓரங்கட்டிக்கொண்டிருந்தார். கடைசிக் கல்லுக்குக் குனிந்தவரை வேறொரு லாரி அடித்துவிட்டது.

அவருக்கு அது எப்போதும் உள்ள பழக்கம். சாலையில் கல்லைக் கண்டால் பைக்கை நிறுத்திவிடுவார். பட்டுச்சேலையும் பூவுமாகப் பின்னால் உட்கார்ந்திருக்கும் மஞ்சுளா, “இன்னிக்கும் தாலி கட்டி முடிஞ்ச பொறகுதான் போய்ச் சேருவோம்” என்று முணுமுணுப்பாள்.

அன்று சாப்பிட வந்த நந்தகுமாரிடம் அவள் நேராகவே கேட்டாள். அவன் பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே இந்த வீட்டுக்கு வந்தவள். அந்த உரிமை அவளுக்கு உண்டு.

“வண்டிய எப்ப எடுக்கறே தம்பி?”

அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். “நானும் கல்லை உட்டுட்டு வந்தவந்தானுங்க அண்ணி.”

“எந்தக் கல்லை?”

“அண்ணன் எடுத்ததை இல்லீங்க. அது வேற எவனோ. நானும் வண்டி நின்னா வெப்பேன். டயர் மாத்திட்டு, நேரமாச்சுன்னு ஏறி வந்துருவேன். எல்லாரும் அப்படித்தான்.”

“எத்தனை எடத்துல?”

“எண்ணுனதில்லீங்க.”

மஞ்சுளா எழுந்து வெளியே போய்விட்டாள். எருமைக்குத் தண்ணீர் காட்டினாள். சற்று நேரத்தில் அதே எருமைக்கு மறுபடியும் காட்டினாள். அது தலையைத் திருப்பிக்கொண்டது. யாரிடம் கோபப்படுவது என்று தெரியாத கோபம் இருக்கிறதே, அது கையை ஒரு வேலையிலும் நிற்கவிடாது. உள்ளே எட்டிப் பார்த்தால், பாதிச் சோற்றோடு அவன் அப்படியே உட்கார்ந்திருந்தான். வருஷம் பூராவும் இவன் இப்படித்தான் சாப்பிட்டிருக்கிறான், நாம் பார்க்கவில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

வந்து மோரை ஊற்றினாள். “நான் வாழப்பாடிக்கு, எங்கம்மா ஊட்டுக்குப் போகோணும். பஸ்ஸுல போகமாட்டேன். நீதான் கூட்டிட்டுப் போகோணும், லாரியில.”

“அந்த ரோட்டுலயாங்க?”

“வாழப்பாடிக்கு வேற ரோடு போட்டிருக்காங்களா?”

பேட்டரி மாற்றி, மெக்கானிக் வந்து பார்த்து, கோழியைக் கூடைக்கு மாற்றி, வெல்ல மூட்டை ஏற்றிக் கிளம்பினார்கள். சேலம் தாண்டியதும் பின்டயர் வெடித்தது. ஓரம் கட்டியும் வண்டியின் பின்பக்கம் சாலையில்தான் நின்றது.

ஜாக்கியோடு இறங்கியவன் நேரே சக்கரத்தடியில் குந்திவிட்டான்.

“கல்லு வெக்கலையா?”

“வெக்கமாட்டேனுங்க.”

“அப்ப பின்னால வாரவன் வந்து மோதட்டுமா? அவனூட்டுலயும் ஒருத்தி இருப்பா.”

மஞ்சுளா முந்தானையைச் செருகிக்கொண்டு தானே இறங்கி, பள்ளத்திலிருந்து கல் சுமந்து வந்து வரிசையாக வைத்தாள். மெதுவாகப் போன டவுன் பஸ்ஸிலிருந்து கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

“ஏனுங்கக்கா, ஊடு கட்டறீங்களா?”

“ஆமாங்க, கொத்தனாரு வேணும். எறங்கி வாங்க!”

சக்கரத்தடியில் இருந்தவன் சிரித்துவிட்டான். அதற்குப் பிறகு கை ஓடியது. ஸ்டெப்னியை மாட்டினான், நட்டுகளை முறுக்கினான், கல் நினைவே இல்லாமல் ஏறி வண்டியைக் கிளப்பினான். கைப்பழக்கம், பாருங்கள், மனசை முந்திக்கொண்டது. பக்கத்துச் சீட்டில் அண்ணி இல்லை என்பதைப் பார்த்த பிறகுதான் கண்ணாடியைப் பார்த்தான். சாலையில் குனிந்து கல் எடுத்துக்கொண்டிருந்தாள். தூரத்தில் ஒரு லாரி வந்துகொண்டிருந்தது.

“அண்ணீ!”

குதித்து ஓடினான். தோளில் கிடந்த சிவப்புத் துண்டை உருவி வீசியபடி அவளுக்குப் பின்னால் போய் நின்றான். வந்த லாரி வேகத்தைக் குறைத்து, ஒதுங்கி, ஒரு ஹாரன் கொடுத்துவிட்டுப் போயிற்று. அவள் நிமிர்ந்து, அவன் துண்டோடு நிற்பதைப் பார்த்தாள்.

“அப்படியே நில்லு,” என்றாள். “எடுக்கறதுக்கு ஒருத்தரு, நிக்கறதுக்கு ஒருத்தரு. உங்கண்ணனுக்கு நிக்க ஆளில்லாம போச்சு.”

கடைசிக் கல்லையும் எடுத்து முடித்தாள். அவன் அதை வாங்கிப் பள்ளத்தில் போடப் போனான்.

“அங்க போடாதே. வண்டியில ஏத்து.”

“கல்லையாங்க?”

“எங்கயோ கெடந்த கல்லுன்னா உட்டுட்டு வரத் தோணும். நம்ம கல்லுன்னா எடுத்துட்டுத்தானே வரோணும்?”

எல்லாக் கல்லையும் ஒரு காலிச் சாக்கில் கட்டி, சீட்டுக்குப் பின்னால் வைத்தார்கள். அண்ணன் அடிபட்ட இடம் வந்தபோது அவன் வேகத்தைக் குறைத்து அவளைப் பார்த்தான். அவள் சாலையோரத்தைப் பார்த்தாள். வெறும் தார்ச்சாலை, வெயில், ஒரு கல்கூட இல்லை.

“சுத்தமாத்தான் இருக்குது,” என்றாள். “போ தம்பி.”

அவளை வாழப்பாடியில் இறக்கிவிட்டு, ஆத்தூரில் லோடு இறக்கிவிட்டு, மறுநாள் நந்தகுமார் தனியாக வீடு திரும்பினான். கேபினை எட்டிப் பார்த்த மயிலம்மாள் முகவாயில் கைவைத்தாள்.

“வெல்லத்தக் குடுத்துப்போட்டுக் கல்ல வாங்கியாந்திருக்கறயா சாமி?”

“உங்க மருமவ ஏத்துன லோடுங்கம்மா. இது எறங்காது.”

என்னவென்று சொன்னான். அவள் சாக்கைத் தொட்டுப் பார்த்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“கெடக்கட்டும். மறுக்கா எப்பக் கெளம்பறே?”

“நாளைக்குங்க.”