ஏழாம் நம்பர் பிழை

பூஜ்ஜியத்தால் வகுக்கச் சொன்னால், பிரிண்டரில் காகிதம் இல்லை என்றது கம்ப்யூட்டர்.

ரைஹான் எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான். மணி பத்தே கால். பதினொன்றுக்குப் பாலிடெக்னிக்கிலிருந்து அங்கப்பன் சார் வருகிறார்.

எட்டு மாதமாக அவன் எழுதிய குட்டி புரோகிராமிங் மொழி அது. மாணவர்கள் தப்பாக எழுதினால் என்ன தப்பு என்று தமிழிலும் மலையாளத்திலும் கன்னடத்திலும் சொல்லும். மூன்று மொழி எழுத்தையும் திரைக்கு அவனே புள்ளி புள்ளியாக வரைந்திருந்தான். அங்கப்பன் சாருக்குப் பிடித்தால் பாலிடெக்னிக் லேபில் ஏறும். பிடிக்காவிட்டால் இந்த மெஷின் நாளைக்கே கம்ப்யூட்டர் ஜாதகம் பார்ப்பவருக்கு வாடகைக்குப் போய்விடும். துடியலூர் கம்ப்யூட்டர் சென்டரின் முதலாளி சுரேந்தர் அவரிடம் பேசியே வைத்துவிட்டார்.

"ஏப்பா ரைஹான், பேப்பர் வேணுமா?" சுரேந்தர் எட்டிப் பார்த்தார். "மெஷின் கேக்குதே."

"பிரிண்டரே மாட்டலீங்கண்ணா!"

"அப்ப ஜாதகக்காரரை வரச் சொல்லிப்போடட்டுமா? அவுரு மெஷின் தப்பாச் சொன்னாலும் கண்டுபுடிக்க இருவது வருசம் ஆகும்."

மலையாளத்தில் சரியாக வருகிறது, கன்னடத்திலும் சரி, தமிழில் மட்டும்தான் உளறல். அது ஏன் என்று யோசிக்கப் பொறுமையில்லாமல், நன்றாக ஓடிக்கொண்டிருந்த புரோகிராமை ரைஹான் காலையிலிருந்து பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டிபன் பையோடு புவனா வந்தாள். சென்டரில் டைப்பிங் வகுப்பு எடுப்பவள். ரைஹான் கொடுத்த தமிழ் வாசகங்களை ஃபைலில் ஏற்றியவளும் அவள்தான்.

"ஃபைல்ல என்ன பண்ணுனீங்க புவனா?"

"நீங்க சொன்னதைத்தானுங்க. வரிக்கு நாப்பது எழுத்துக்கு மேல போகக்கூடாதுன்னீங்க. போகலீங்களே."

அவன் ஃபைலைத் திறந்தான். மூன்றாவது வாசகத்திலேயே கண் நின்றது.

"நான் குடுத்தது 'பெயர் தவறு'ன்னு ரெண்டே வார்த்தை. இங்க 'ஏனுங்க, இந்தப் பேரு நமக்குப் புடிபடலீங்க, கொஞ்சம் பாத்துப்போட்டுச் சொல்லுங்க'ன்னு ரெண்டு வரி கெடக்குது!"

"படிக்க வந்த புள்ளைககிட்ட 'தவறு'ன்னு மூஞ்சியில அடிக்கறாப்புல சொல்லுவாங்களா? எங்கூட்டுல நாயைத் தொரத்தறதுன்னாலும் 'போ கண்ணு'ன்னுதானுங்க சொல்லுவோம்."

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. புரோகிராம் வரியை எண்ணித்தான் எடுக்கும்: ஏழாம் பிழைக்கு ஏழாம் வரி. ஒரு வாசகம் இரண்டு வரியானதும் பின்னால் இருந்ததெல்லாம் ஒரு வரி கீழே இறங்கி, பூஜ்ஜிய வகுத்தலுக்கான ஏழாம் வரியில் பிரிண்டர் காகிதத்துக்கான ஆறாம் வாசகம் வந்து உட்கார்ந்துவிட்டது. ஒரு வாசகம் ஒரே வரியில் முடிய வேண்டும் என்று அவன் புவனாவிடம் சொல்லவேயில்லை.

"அழிச்சுடறேன். ரெண்டு நிமிச வேலை."

"அழிங்க. ஆனா உங்களுத ஒருக்கா சத்தமாப் படிச்சுப் பாருங்க."

"பெயர் தவறு. வகுக்க முடியாது. நிறுத்து."

"யாருப்பா அங்க அதட்டறது?" வெளியிலிருந்து சுரேந்தர் குரல் கொடுத்தார்.

ரைஹானின் விரல் விசையிலிருந்து தானாக விலகியது.

"சரி, பக்கத்து மெஷின்ல உக்காருங்க. மூணு ஃபைல்லயும் ஒவ்வொரு வாசகத்துக்கு முன்னாலயும் அதோட நம்பரைப் போடுங்க. அடுத்த நம்பர் வர்ற வரைக்கும் எத்தனை வரின்னாலும் படிக்கற மாதிரி நான் மாத்தறேன்."

"நேரம் இருக்குதுங்களா?"

"இல்லீங்க. போடுங்க."

அங்கப்பன் சார் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். சுரேந்தர் அவருக்கு ஒரு டீ கொடுத்தார், பிறகு இன்னொரு டீ கொடுத்தார். மூன்றாவது டீ என்றதும் அவர் எழுந்து நேராக உள்ளே வந்தார். மாற்றியதை ரைஹான் ஒரு தடவைகூட ஓட்டிப் பார்த்திருக்கவில்லை.

சார் நான்கு வரி தட்டினார். நான்காவதில் வேண்டுமென்றே பூஜ்ஜியத்தால் வகுத்தார். ரைஹான் நகத்தைக் கடித்தான்.

ஏனுங்க, பூஜ்ஜியத்தால வகுக்க முடியாதுங்க.
நாலாவது வரியைக் கொஞ்சம் பாருங்க.

அங்கப்பன் சார் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"இருங்க, பாக்கறேன்" என்றார் திரையைப் பார்த்து.

புவனா வாயைப் பொத்திக்கொண்டாள். சார் திருத்தினார், ஓடியது.

"கொள்ளேகாலத்துப் பசங்க ஆறு பேரு நம்மகிட்டப் படிக்கறாங்க. கன்னடத்துல காட்டுங்க."

காட்டினான். வீட்டில் கன்னடம் பேசுகிறவர் அவர். படித்ததும் முகம் சுளித்தார்.

"இதென்னப்பா, அதட்டுது? அவனுக மட்டும் என்ன பாவம் பண்ணுனானுக? சரி பண்ணிப்போட்டுத் திங்கக்கெழமை லேபுக்கு எடுத்துட்டு வாங்க."

சுரேந்தர் ஜாதகக்காரரின் நம்பரைத் தேட ஆரம்பித்தார், வர வேண்டாம் என்று சொல்ல. ரைஹான் அதற்குள் படியில் இறங்கிக்கொண்டிருந்தான். கன்னட வாசகம் எழுதிக் கொடுத்த ஜவுளிக்கடைக்காரர் சாப்பாட்டுக்குக் கடையைச் சாத்துவதற்குள் பிடிக்க வேண்டும்.

"சாப்பிட்டுப்போட்டுப் போங்க!" என்றாள் புவனா.

"வாரேனுங்க!" சத்தம் தெருவிலிருந்து வந்தது.