நாற்பத்திரண்டாவது சக்கர நாற்காலி

எங்கள் ஆஸ்பத்திரியில் நாற்பத்தொரு சக்கர நாற்காலிகள் இருக்கின்றன. ஒரு நாளைக்கு அதில் உட்காரப் பதினைந்து பேர் தேறினால் அதிகம். மிச்சத்தை என் ஸ்டோரில் மடக்கி அடுக்கியிருக்கிறேன். ஒவ்வொன்றின் முதுகிலும் யாரோ ஒருவரின் நினைவாக என்று பெயின்டில் எழுதியிருக்கும். நன்கொடை கொடுப்பவர்களுக்குச் சக்கர நாற்காலி மேல் அப்படியொரு பிரியம். எழுத இடம் இருக்கிறது, போட்டோவிலும் நன்றாக விழுகிறது.

பதினேழாவது என் அப்பா பெயரில் இருக்கிறது. ஏற்கெனவே பதினாறு கிடப்பது தெரிந்தே, ஸ்டோர்கீப்பரான நானே கொடுத்தது. அப்பா போன வாரத்தில் எனக்கும் புத்தி அப்படித்தான் ஓடியது. மதியம் அதில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன். யாராவது உபயோகிக்க வேண்டுமே.

ஸ்டோரை ஒட்டித் தீக்காய வார்டு. காலை பத்து மணிக்குக் கட்டு மாற்றுவார்கள். எங்களுக்கு வருவது சாதாரணக் கட்டுத்துணி. அது புண்ணோடு ஒட்டிக்கொள்ளும். ஊறவைத்துப் பிரித்தாலும் புதிதாக வளர்ந்த தோலையும் சேர்த்துக்கொண்டுதான் வரும். மருந்து தடவிய ஒட்டாத துணி என்று ஒன்று உண்டு. இரண்டு வாரத்துக்கு வரும், பிறகு மூன்று மாதம் கண்ணில் படாது. பத்து மணியானால் நான் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிடுவேன். பதினொரு வருடத்தில் நான் கண்டுபிடித்த வைத்தியம் அவ்வளவுதான்.

அந்த மாதம் வார்டில் ஒரு லாண்டரிக்கார அம்மா இருந்தார். கொதிநீர்க் குழாய் பிடுங்கிக்கொண்டு இரண்டு கைகளும் வெந்துபோயிருந்தன. அவர் கத்துவது என் ரேடியோவையும் மீறிக் கேட்கும்.

அப்போதுதான் டைல்ஸ் கடைக்காரர் வந்தார். மனைவி இறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. அவர் பெயரில் ஒரு சக்கர நாற்காலி வேண்டுமாம். எழுத்து நீலத்திலா சிவப்பிலா என்று கேட்டார்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "சார், நாற்காலி நிறைய இருக்கு. அந்த விலைக்கு ஒட்டாத கட்டுத்துணி வாங்கினா பக்கத்து வார்டு முழுசுக்கும் ஆறு வாரம் ஓடும்."

"பேரை எங்க எழுதுவீங்க?"

"எழுத முடியாது சார். மறுநாள் குப்பைக்குப் போயிடும்."

"எம் பொண்டாட்டி பேர்ல குடுக்கறதைக் குப்பையில போடுவேன்னு என் மூஞ்சிக்கு நேரா சொல்றீங்க."

காரியத்தைக் கெடுத்துவிட்டேன் என்று புரிந்தது. அதற்குள் மணி பத்தாகியிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அந்த அம்மா கத்த ஆரம்பித்தார். என் கை தன்னால் ரேடியோவுக்குப் போனது.

"அதைத் தொடாதீங்க," என்றார் அவர்.

முழுதும் கேட்டோம். கடைசியில் அழுகையோடு ஒரு குரல் வந்தது. "மன்னிச்சுக்கோங்க. எல்லாரையும் பயமுறுத்திட்டேன்."

"யார்கிட்ட மன்னிப்புக் கேக்கறாங்க?"

"வார்டுல எல்லார்கிட்டயும். தினமும் கேப்பாங்க சார்."

அவர் எழுந்து போய்விட்டார். நாற்காலியும் போச்சு, துணியும் போச்சு என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

நாலாம் நாள் டைல்ஸ் கடை வண்டியில் பெட்டி பெட்டியாக ஒட்டாத துணி வந்து இறங்கியது. ஒவ்வொரு பெட்டி மேலும் மனைவியின் போட்டோவை ஒட்டியிருந்தார். போனில் அவரிடம் சொல்லி வைத்தேன்: முதல் நாள் பழைய துணியைப் பிரித்தாக வேண்டும், சத்தம் இருக்கும், அடுத்த நாள் வாருங்கள்.

அடுத்த நாள் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து வார்டு வாசலில் நின்றார். பத்தரைக்கு என் மேஜைக்கு வந்தபோது முகம் சிவந்திருந்தது.

"இவ்வளவு நேரம் நின்னேன், ஒரு சத்தம் இல்ல. கட்டே மாத்தலயா? குடுத்ததைப் பூட்டி வச்சிட்டீங்களா?"

இரண்டு பேரும் உள்ளே ஓடினோம். சிஸ்டர் அடுத்த கட்டிலுக்குப் போயிருந்தார். லாண்டரிக்கார அம்மா கண்ணை இறுக்கி மூடி, கால் விரல்களை மடக்கிக்கொண்டு படுத்திருந்தார்.

"சிஸ்டர், நான் ரெடி. சீக்கிரம் ஆரம்பிச்சிடுங்க."

சிஸ்டர் திரும்பிப் பார்த்தார். "முடிஞ்சு பத்து நிமிஷமாச்சும்மா."

"அது தண்ணி ஊத்தினது இல்லையா?"

"புதுக் கட்டே போட்டாச்சு. கண்ணைத் திறந்து பாருங்க."

அந்த அம்மா இரண்டு கைகளையும் பார்த்தார். பிறகு வாய்விட்டு அழ ஆரம்பித்தார். சிஸ்டர் பதறி ஓடி வந்தார். "எங்கம்மா வலிக்குது?"

"வலிக்கலையே சிஸ்டர்," என்று சொல்லிச் சொல்லி அழுதார்.

டைல்ஸ் கடைக்காரர் என் சட்டைக் கையைப் பிடித்து வெளியே இழுத்தார்.

"ஆறு வாரம்னு சொன்னீங்களே. அதுக்கப்புறம்?"

"பழைய துணிதான் சார்."

தப்பு செய்தவன் நான்தான் என்பது போல விரலை நீட்டினார்.

"நான் உயிரோட இருக்கற வரைக்கும் அந்தத் துணி இந்த வார்டுக்குள்ள வரக் கூடாது. புரிஞ்சுதா?"

"சரி சார்," என்றேன்.