தேவகியின் சிவப்புச் செருப்பும் பாவடித் தெருச் சேலைகளும்

ஆரணி பெரிய பாவடித் தெருவில் எழுபத்தேழாம் வருஷம் தை மாதத்திலிருந்து நெய்யப்பட்ட ஒவ்வொரு பட்டுச்சேலையிலும் நாளொன்றுக்கு இரண்டு சிவப்புக் கோடுகள் விழுந்தன. காலை ஒன்பதே காலுக்கு ஒன்று, மாலை ஆறு மணிக்கு ஒன்று. தறியில் குறுக்கே ஓடும் நாடாவில் இருப்பது பச்சை நூலாக இருக்கும், மஞ்சளாக இருக்கும். அந்த நேரத்தில் விழும் இழை மட்டும் சிவப்பு. சாயக்காரனைக் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். அவன் நூலைச் சுரண்டிப் பார்த்து, நக்கியும் பார்த்துவிட்டு, இது என் சாயமே இல்லை என்று சத்தியம் செய்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கோடு விழுவதில்லை என்பதைக் கண்டுபிடித்தவர் பெரியதனக்காரர் லோகநாதன். அந்தத் தெருவில் யார் எப்படி வர வேண்டும், எப்படிப் போக வேண்டும் என்பதெல்லாம் அவர் வாய்ச்சொல்தான். குழித்தறியில் காலைக் குழிக்குள் விட்டு உட்காருகிறவருக்கு வாசல் வழியே தெருவில் போகிறவர்களின் கால்தான் தெரியும், முகம் தெரியாது. ஒன்பதே காலுக்கு அவர் வாசலைக் கடந்தவை இரண்டு சிவப்புச் செருப்புகள். ஞாயிற்றுக்கிழமை அவை வரவில்லை.

செருப்புக்குள் இருந்தவள் தேவகி. காலனியில் கூலி வேலை செய்துவந்த கன்னியம்மாவின் ஒரே மகள். டெலிபோன் ஆபீசில் ஆபரேட்டராக வேலை கிடைத்து அப்போதுதான் ஒரு மாதம் ஆகியிருந்தது. காலனிக்கும் ஆபீஸ் இருந்த கடைத்தெருவுக்கும் நடுவில் கிடந்தது பாவடித் தெரு. காலனிப் பெண்கள் தெருமுனையில் செருப்பைக் கழற்றி, அக்குளில் இடுக்கிக்கொண்டு, குனிந்த தலையோடு வேகவேகமாகத் தாண்டிப் போய்விட வேண்டும். தறிக்கான பட்டு நூலைத் தெருவில் பாவாக நீட்டி வைத்திருக்கிறோம், செருப்புத் தூசு பட்டால் இழை கெட்டுவிடும் என்று காரணம் சொன்னார்கள். தபால்காரர் செருப்புத் தூசும், லோகநாதனின் மருமகன் பூட்ஸ் தூசும் பட்டை ஒன்றும் செய்யவில்லை. பாவு போட முடியாத மழைநாளிலும் சட்டம் சட்டமாகவே இருந்தது. எவ்வளவு அக்கிரமம் என்று கேட்க அந்தத் தெருவில் ஒரு நாதியில்லை.

தேவகி அந்தச் செருப்பை ஆசைக்கு வாங்கவில்லை, ஆத்திரத்துக்கு வாங்கினாள். ஆம்பூரில், வெளிநாட்டுக்குப் போய்த் திரும்பிவந்த சரக்கு விற்கும் கடை ஒன்றில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து தேர்ந்தெடுத்தாள். கடைக்காரர் காப்பிக்கொட்டை நிறத்தில் ஒரு ஜோடியை எடுத்துப்போட்டு, “இது போடுங்கம்மா, அழுக்கு தெரியாது” என்றார். “தெரியணும்ங்க” என்றாள். அரக்கு வேண்டாம், அது பத்தடி தாண்டினால் கறுப்பு. ஆரஞ்சு கலந்தது வேண்டாம், வெயிலில் வெளுத்துப்போகும். கடைசியில் பழுத்த மிளகாய் நிறத்தில், கணுக்காலைச் சுற்றி வார் வைத்து, கட்டைவிரல் உயரக் குதிகாலோடு ஒன்று அகப்பட்டது. வீட்டுக்கு வந்து எந்தப் புடவை இதற்குச் சரி என்று நான்கு நாள் கட்டிக் கட்டிப் பார்த்தாள். சிவப்பு ஜாக்கெட் போட்டால் பார்க்கிறவன் கண் மேலேயே நின்றுவிடுகிறது. பூப்போட்ட புடவையில் செருப்பு தொலைந்துபோகிறது. ஆகவே சாம்பல் நிறத்தில் வெற்றுப் பருத்திப் புடவை, கறுப்புப் பொட்டு, தலையில் பூவே கிடையாது. கொசுவத்தை நான்கு விரல்கடை தூக்கிக் குத்தினாள். உடம்பு முழுக்க அடங்கியிருக்க, காலில் மட்டும் சிவப்பு கத்தியது. அப்படித்தான் ஒன்பதே காலுக்குத் தெருவுக்குள் இறங்கினாள்.

தெரு சும்மா இருக்கவில்லை. பாவுக்குப் பூசும் கஞ்சியை அவள் வழியில் கொட்டினார்கள். சாம்பலை வாரி எறிந்தார்கள். ஆபீசுக்கு மொட்டைக் கடிதாசி போட்டார்கள். அதிகாரி அவளைக் கூப்பிட்டு, சேத்துப்பட்டு ரோட்டைச் சுற்றிக்கொண்டு வந்தால் ஒரு மைல்தானே கூடுதல் என்று நல்லபிள்ளையாகக் கேட்டார். மாட்டேன் என்றாள். ஒன்பதே காலுக்குத் தறிகளை நிறுத்திப் பார்த்தார்கள். மறுபடி ஓட்டும்போது முதல் இழை சிவப்பாக விழுந்தது. ஒருநாள் நாலு பேர் மறித்து ஒரு காலின் செருப்பைப் பிடுங்கிக் கமண்டலநாகநதியில் வீசினார்கள். தேவகி மற்றக் காலின் செருப்போடு மிச்சத் தெருவை நொண்டி நடந்தாள். அன்றைக்கு அந்தப் பாதித் தெருவின் சேலைகளில் கோடு விட்டுவிட்டு, புள்ளி புள்ளியாக விழுந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆம்பூர் போய் முன்னைவிடச் சிவப்பாக ஒரு ஜோடி வாங்கிவந்தாள்.

வீட்டிலும் சண்டைதான். கன்னியம்மா செருப்பை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தாள். “உன் காலப் பாத்து ஊரே கொதிச்சிகினு கீது. எதுக்குடி இந்தப் பேஜாரு? ஜல்தியா கழட்டிக் கடாசு” என்று தலையில் அடித்துக்கொண்டாள். தேவகி பானையிலிருந்து எடுத்து, அரிசியைத் தட்டிவிட்டு மாட்டிக்கொண்டு போனாள். பெற்றவள் பயந்தது தன் உயிருக்கல்ல, மகள் உயிருக்கு. ஐந்து வருஷம் தாயும் மகளும் பாதி நாள் பேசாமலே கழித்தார்கள்.

எண்பத்திரண்டில் ஒருநாள் லோகநாதனுக்கு மெட்ராசிலிருந்து டிரங்க்கால் வந்தது. இணைப்பைக் கொடுத்தவள் தேவகி. அந்தச் சிவப்புக்கோடு போட்ட சேலையைத்தான் பெண்கள் கேட்டு வாங்குகிறார்கள், கோடு இன்னும் அகலமாக வேண்டும் என்று அங்கிருந்து ஜவுளிக்கடைக்காரர் சொன்னது அவள் காதில் விழுந்தது. மறுநாளே லோகநாதன் ஆபீஸ் வாசலில் நின்றார். ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

“கொஞ்சம் மெதுவா நடந்தின்னா கோடு அகலமா விழும்மா. எல்லாருக்கும் நல்லது.”

சாம்பலை எறிந்தபோது வராத கோபம் தேவகிக்கு அப்போது வந்தது. “கழட்டுன்னு சொன்னதும் நீங்கதான், மெதுவா நடன்னு சொல்றதும் நீங்கதானா? என் கால் உங்க தறியில மிதிக்கிற கட்டையாங்க?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். அன்று மாலை ஏறக்குறைய ஓட்டமாக நடந்தாள். சேலைகளில் கோடு தலைமயிர் அளவுக்கு மெலிந்தது. லோகநாதன் பல்லைக் கடித்துக்கொண்டு நெய்தார்.

இதைத் தேவகி வீட்டில் சொன்னபோது கன்னியம்மா மகள் கழற்றிவைத்த செருப்பைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: “நாப்பது வருசம் அந்தத் தெருவுல ஓட்டமா ஓடிகினு இருந்தேன். மெதுவா நடக்கச் சொல்றானா? நான் நடக்கறேன்.”

தேவகி அவளை உடுத்திவிட்டாள். கன்னியம்மா பெட்டியிலிருந்து எடுத்த சிவப்புச் சீட்டிப் புடவையைப் பிடுங்கி வைத்துவிட்டு, தன் சாம்பல் நிறப் புடவையை அம்மாவுக்குக் கட்டிவிட்டாள். நான்கு விரல்கடை தூக்கிக் குத்தினாள். “இன்னாடி, கணுக்காலெல்லாம் தெரியுது” என்றாள் கன்னியம்மா. “தெரியணும்மா.” வெறுங்காலால் நடந்தே அகன்றுபோன பாதம், விரல்கள் செருப்புக்கு வெளியே துருத்திக்கொண்டு நின்றன. வாரைக் கடைசி ஓட்டையில் மாட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு, நல்ல வெயிலில், கன்னியம்மா பாவடித் தெருவுக்குள் நுழைந்தாள். முட்டிவலிக்காரி, பத்தடி நடந்தால் ஒருமுறை நிற்பாள். நின்ற வாசலிலெல்லாம் உள்ளே கோடு இரண்டு விரல் அகலமானது. தெருவின் நடுவில் லோகநாதன் வீட்டு வாசல் வந்ததும் மூச்சு வாங்கியது. படியில் உட்கார்ந்தாள். செருப்புக் காலை நீட்டி வைத்துக்கொண்டாள்.

உள்ளே குழித்தறியில் லோகநாதன் தன் கடைசி மகளின் கூறைச்சேலையைத் தன் கையாலேயே நெய்துகொண்டிருந்தார். மாம்பழ நிறம், தறியில் முந்தானைப் பகுதி ஓடிக்கொண்டிருந்தது. அவர் கண்ணுக்கு நேராக அந்த இரண்டு செருப்புகளும் இருந்தன. நிறுத்திப் பயனில்லை என்று அவருக்குத் தெரியும். இழை இழையாகச் சிவப்பு விழுந்துகொண்டே இருந்தது.

“ஏன் பெரியதனக்காரரே” என்று கன்னியம்மா திரும்பிப் பார்க்காமலே கேட்டாள். பிறந்ததிலிருந்து சாமி என்று மட்டுமே அவரைக் கூப்பிட்டவள். “தெருவுல இன்னிக்குப் பாவு ஒண்ணும் இல்லியே?”

நாடா இரண்டு முறை போய்வந்தது.

“இல்ல” என்றார் லோகநாதன்.

ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, புடவையை உதறிவிட்டு, மிச்சத் தெருவையும் அதே நடையில் நடந்து முடித்தாள். அடுத்த வாரத்திலிருந்து காலனிப் பெண்கள் யாரும் தெருமுனையில் குனியவில்லை. தெருக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. வேறு சேலை நெய்ய நாளில்லை, வேறு தெருவில் வாங்கினால் கௌரவம் இல்லை. பெண் அதையே கட்டிக்கொண்டாள். போளூரிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டு அம்மாள் ஒருத்தி முந்தானையைக் கையிலெடுத்து, மாம்பழ நிறத்துக்கு நடுவே இதென்ன ஒரு சாண் அகலத்துக்குச் சிவப்பு என்று விசாரித்தாள். லோகநாதனின் மனைவி வெற்றிலைத் தட்டை நகர்த்திக்கொண்டே, விலை சொல்லுகிற மாதிரி சொன்னாள்:

“அதுவா? அது கன்னியம்மா குந்தின எடம்.”