தவிட்டுக்கு விற்ற பிள்ளை

பிள்ளையை விற்றுவிடலாம் என்று முதலில் சொன்னவன் அதன் அப்பன் திப்பண்ணாதான்.

ஹூப்ளி ஆஸ்பத்திரியில், கண்ணாடிப் பெட்டிக்குள் நீலம் பாரித்துக் கிடந்தது குழந்தை. "குறைமாசம் மட்டும்னா தேத்திடலாம். இதயத்துல ஓட்டை மட்டும்னா தைச்சிடலாம். ரெண்டும் சேர்ந்து வந்திருக்கும்மா. எடை ஏறணும். அதுவரைக்கும் இருந்தா, ஆபரேஷன்" என்றார் டாக்டர். பெற்றவள் நீலவ்வாவின் காதில் 'இருந்தா' மட்டுமே விழுந்தது.

"எனக்கு முன்னால பொறந்த நாலும் போச்சு. என்னைத் தவிட்டுக்கு வித்து, 'திப்பே'ன்னு குப்பைமேட்டுப் பேரை வெச்சாங்க. சாவு என்னை இன்னும் தேடிக்கிட்டுதான் இருக்கு" என்றான் திப்பண்ணா.

"உன்னைத் தூக்கிட்டுப் போய் அது என்ன செய்யும்?" என்று நீலவ்வா கேலி செய்தாலும், மறுநாள் அவளே தவிடு கொண்டுவரச் சொன்னாள்.

வாங்க முன்வந்தவள் பக்கத்துப் பெட்டிக்காரி கஸ்தூரவ்வா. அவள் மகளும் குறைமாசம். ஆனால் இதயம் நன்றாக இருந்தது. முறத்துக்குப் பதில் டிபன் மூடி. அதில் ஒரு பிடி தவிட்டை வைத்து நீட்டினாள்.

"அழகா வளர்ந்தா திருப்பித் தரமாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

"வெச்சுக்கோ அக்கா. அவங்கப்பன் மூக்கு. அப்புறம் அழாதே."

இருவரும் சிரித்தார்கள். வாங்கியவள் தவிட்டைத் திரும்பப் பெற்றுப் பிள்ளையைத் தரும்வரை, பெற்றவள் 'என் பிள்ளை' என்று சொல்லக்கூடாது; சொன்னால் சாவுக்கு அடையாளம் தெரிந்துவிடும்.

அந்த வாரமே, கஸ்தூரவ்வாவின் மகள், நன்றாகப் பால் குடித்துக்கொண்டிருந்தவள், விடியலில் சில்லிட்டுப் போனாள். கிருமி என்றார்கள். அன்று காலை நீலவ்வாவின் பிள்ளைக்கு உதடு சிவந்திருந்தது. மருந்து வேலை செய்கிறது என்றார்கள். நீலவ்வா எதையும் நம்பவில்லை. ஏதோ ஒன்று அந்த வரிசையில் நடந்து வந்திருக்கிறது. தாயில்லாத பெட்டியைத் தாண்டி அடுத்ததில் நின்றிருக்கிறது.

மகளைப் புதைத்துவிட்டு கஸ்தூரவ்வா திரும்பி வந்தாள்.

"யாரைப் பார்க்கணும்?" என்றான் காவலாளி.

"என் பையனை."

"உள்ளே விடுங்கண்ணா" என்றாள் நீலவ்வா.

கஸ்தூரவ்வா விரல் நீட்டினால் திரையில் துள்ளும் எண்கள் அடங்கின. நீலவ்வா தொட்டால் மணி அலறியது. "நீ தொடாதே தங்கி" என்றாள் கஸ்தூரவ்வா, மிக மெதுவாக.

ஒருநாள் நீலவ்வாவுக்குத் தாங்கவில்லை. "அக்கா, கொடுத்துடுறியா?"

"இப்பவே வாங்கிக்கோ. தவிடு கொண்டாந்தியா?"

பக்கத்துப் பெட்டியில் இன்னும் யாரையும் போடவில்லை. நீலவ்வா அதைப் பார்த்தாள். "இப்ப வேணாம்."

எடை ஏறியது. ஆபரேஷன் நாளில், அதுவரை பார்த்திராத ஒரு டாக்டர் வந்தார். "அம்மா யாரு? ஒருதரம் தொட்டுக்கங்க."

கஸ்தூரவ்வா நகரவில்லை. "போடி. ஒருவேளை வராமலே போயிட்டா? தொடாத பிள்ளையாப் போயிடுமே" என்று நீலவ்வாவின் காதருகே சொன்னாள்.

நீலவ்வாவின் கை தானாக எழுந்தது. அதை மறு கையால் பிடித்துக்கொண்டாள்.

"அவங்கதான் அம்மா. நான் பக்கத்துப் பெட்டி."

கஸ்தூரவ்வா அவளையே பார்த்துவிட்டுக் குனிந்து பிள்ளையின் நெற்றியைத் தொட்டாள்.

மாலையில் அதே டாக்டர் முகமூடியை இறக்கிக்கொண்டு வந்து, கஸ்தூரவ்வாவிடம் சொன்னார்: "அம்மா, பையனுக்கு இதயம் நல்லா அடிக்குது. பிழைச்சுக்குவான்."

"சந்தோஷம்க்கா" என்றாள் நீலவ்வா, அயலாள் குரலில். அப்போது அவள் மார்பில் பால் சுரந்து ரவிக்கையை நனைத்தது. முந்தானையை இரண்டு கையாலும் இழுத்து மூடிக்கொண்டு, அந்த நீண்ட தாழ்வாரத்தில் யாராவது பார்த்துவிட்டார்களா என்று இரு பக்கமும் பார்த்தாள்.