தினமும் முப்பது புது ஆட்கள்

மாமனாரின் மெத்தைக்கடைக்கு வெப்சைட் போட்டுக் கொடுத்தது மாப்பிள்ளைதான். அன்று பிடித்தது சனியன். தினமும் காலையில் மாமனார் வாயைத் திறந்தால் சைட்டுக்கு வந்தவர்களைப் பற்றித்தான் முதல் கேள்வி, "நேத்து புதுசா எத்தனை பேர், மாப்பிள்ளை?"

"முப்பது, மாமா."

இந்த முப்பதை நம்பி மாமனார் இரண்டாவது கடைக்கு இடமும் பேசிவிட்டார். மறுநாள் கையெழுத்து. இருக்கிற கடையிலோ ஈ காக்கை இல்லை. அன்றுதான் மாப்பிள்ளை சைட்டின் வருகை அறிக்கையை ஒழுங்காகப் பார்த்தார். முப்பது பேரும் ஒரே ஊர், ஒரே ரகப் போன். மெத்தைப் பக்கம் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. முதலாளி என்று மாமனார் படம் போட்டிருக்கும் பக்கத்தில் ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போயிருந்தார்கள். அந்த மூஞ்சியைப் பார்க்கவா இத்தனை கூட்டம்?

சைட்டுக்கு வருகிறவரின் போனில் கணக்கெடுக்கும் கருவி ஓர் அடையாளச் சீட்டைப் போட்டு வைக்கும். மறுபடி வந்தால், சீட்டைப் பார்த்துப் பழைய ஆள் என்று எழுதிக்கொள்ளும். சீட்டை அழித்துவிட்டு வந்தால் பெற்ற தாயும் அதற்குப் புது ஆள்தான்.

அப்போதுதான் பொறி தட்டியது. போன் மெதுவாக ஓடுகிறது என்று மாமியார் குறைப்பட்டபோது, நல்ல பேர் வாங்கும் ஆசையில், சைட்டை மூடும்போதெல்லாம் அந்தச் சீட்டு உட்பட எல்லாம் தானாக அழியும்படி அமைத்துக் கொடுத்த புண்ணியவான் அவரேதான்.

மதியம் வீட்டுக்கு ஓடினார். "அத்தை, நம்ம சைட்டைப் பாக்கறீங்களா?"

மாமியாருக்கு முகம் சிவந்துவிட்டது. "உங்க மாமா நான் எழுந்திரிக்கிறதுக்குள்ள கிளம்பிடறார், தூங்கினப்புறம் வர்றார். அந்தப் படத்துலதான் என்னைப் பாத்துச் சிரிக்கிறார். அவர்கிட்ட சொல்லித் தொலைக்காதீங்க."

சொல்லாவிட்டால் இரண்டாவது கடையும் வந்து, அத்தைக்குப் படம் மட்டும்தான் மிஞ்சும். சொன்னால் மாமனார் காறித் துப்புவார். மாப்பிள்ளை கடைக்குத் திரும்பி, மென்று விழுங்கி, கடைசியில் சொல்லித் தொலைத்தார்.

மாமனார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "முப்பது தடவையா?"

"ஞாயித்துக்கிழமைன்னா நாப்பது, மாமா."

"இடம் வேண்டாம்னு போன் போட்டுச் சொல்லிடுங்க." செருப்பை மாட்டிக்கொண்டு, பட்டப்பகலில் வீட்டுக்குக் கிளம்பினார். அதற்கப்புறம் மதியச் சாப்பாடு தினமும் வீட்டில்தான்.

ஒரு வாரம் கழித்து, பழக்கதோஷத்தில் கேட்டார். "நேத்து புதுசா எத்தனை பேர், மாப்பிள்ளை?"

"ஒருத்தர்கூட இல்லை, மாமா."

மாமனாருக்கு முகமெல்லாம் பல்.