எல்லாருக்கும் இருப்பதுதான்

மேஜையின் இடது ஓரத்தில் இருந்த டம்ளர் மனைவியின் முழங்கை பட்டு உருண்டு கீழே விழுந்தது. தேநீர் தரையெல்லாம் ஓடியது. வேறு வீடாக இருந்தால் வீட்டுக்காரர் ஒரு சத்தம் போட்டிருப்பார். இந்த வீட்டுக்காரர் சந்தோஷப்பட்டார்.

"பாத்தியா? போன வாரம் வகுப்புல மேடம் சொன்னது இதேதான். டம்ளர் உன் கண்ணு முன்னாடிதான் இருந்துச்சு. உன் கவனம் வேற எங்கயோ போயிடுச்சு. கவனம் இல்லாத இடத்துல கண்ணு தெறந்திருந்தும் ஒண்ணும் தெரியாது."

மனைவி துணியை எடுத்து வந்து குனிந்து துடைத்தாள். அவர் கால்களை நாற்காலியின் மேல் தூக்கி வைத்துக்கொண்டு பாடத்தின் மிச்சத்தையும் சொல்லி முடித்தார். கூட ஒரு கை கொடுத்துத் துடைக்கலாம் என்கிற பக்கம் அவருடைய கவனம் போகவில்லை.

அவருக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கவுன்டர் வேலை. பள்ளிக்கூடத்தோடு படிப்பு நின்றுபோனவர். காலேஜ் வாசலைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ஒரு பெருமூச்சு விடுவார். அப்படிப்பட்டவருக்கு நூலகத்தின் மாடி அரங்கில் சனிக்கிழமை மாலைகளில் ஒரு வகுப்பு கிடைத்தது. மூளையும் மனமும் எப்படி வேலை செய்கின்றன என்று ஒரு பேராசிரியை பொதுமக்களுக்கு எளிமையாகச் சொல்லித் தருவார். கட்டணம் கிடையாது, பரீட்சை கிடையாது. ஓய்வு பெற்றவர்கள், மாணவர்கள், இல்லத்தரசிகள் என்று பலதரப்பட்டவர்களும் வந்தார்கள். இவர் முதல் வரிசையில் உட்காருவார். கடையிலிருந்து நேராக வந்ததால் விரலிடுக்கில் கிரீஸ் ஒட்டியிருக்கும். ஒரு வாரம்கூடத் தவறவிட்டதில்லை.

நல்ல ஆசைதான். பாதியில் விட்ட படிப்பை ஐம்பது வயதில் எட்டிப் பிடிக்கத் துடிக்கிற மனிதரைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. சங்கடம் என்னவென்றால், கற்றுக்கொண்டதையெல்லாம் அவர் அடுத்தவர் மீதே பிரயோகித்துப் பார்த்தார். போன தடவை இந்த பேரிங்கைக் குறைந்த விலைக்கு வாங்கினேனே என்று வாடிக்கையாளர் சொன்னால், ஞாபகம் எப்படி மனிதனை ஏமாற்றுகிறது என்று அவருக்குப் பாடம் நடக்கும். முதலாளி கோபப்பட்டால் அந்தக் கோபம் மூளையின் எந்தப் பகுதியிலிருந்து வருகிறது என்று முதலாளிக்கே சொல்லுவார். கடைப் பையன்கள் அவருக்கு 'மூளையண்ணன்' என்று பேர் வைத்தார்கள். கிண்டலாக வைத்த பேர்தான், ஆனாலும் அவருக்கு அது பிடித்திருந்தது.

மனைவி பள்ளிச் சீருடை தைக்கிற கம்பெனியில் வேலை பார்த்தாள். சட்டைக் காலர் வைப்பதில் அந்த ஷெட்டிலேயே அவளை மிஞ்ச ஆள் கிடையாது. சில மாதங்களாக அவளுக்குள் ஒரு பயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவர் நல்ல மனநிலையில் இருக்கும்போது பேச்சை எடுத்தாள்.

"ஏங்க, இடது பக்கம் என்னமோ குறைச்சலாத் தெரியற மாதிரி இருக்குங்க. பக்கத்துல ஆள் வந்து நின்னாக்கூடத் திடீர்னுதான் தெரியுது."

"அட, இதுக்கா பயந்துட்டே? எல்லாருக்கும் இருக்கறதுதான்." அவர் ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் கண்ணைப் படமாக வரைந்தார். ஒவ்வொரு கண்ணிலும் ஒரு சின்ன இடத்துக்குப் பார்வையே கிடையாது, அதற்குக் குருட்டுப் புள்ளி என்று பேர், சுற்றி இருப்பதை வைத்து மூளை அந்த ஓட்டையை அடைத்துவிடும் என்று அழகாக விளக்கினார். அவர் சொன்னதில் ஒரு வரிகூடத் தப்பில்லை. அவளிடம் ஒரு கேள்விகூட அவர் கேட்கவில்லை, அவ்வளவுதான். அவளுக்கும் அன்றைக்கு நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கியது போல இருந்தது.

ஆனால் காலர்கள் கோணத் தொடங்கின. துணியின் இடது ஓரம் மடிந்து கிடப்பது தெரியாமலே தைத்துவிடுவாள். சூப்பர்வைசர் நல்ல மனுஷி. திட்டாமல் பட்டன் தைக்கிற பக்கம் மாற்றி உட்கார வைத்தார். சின்னப் பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்து பட்டன் தைக்கும்போது அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கணவரிடம் சொன்னபோது அவர் கவனத்தைக் கூர்மையாக்கக் காலையில் ஒரு பயிற்சி சொல்லிக் கொடுத்தார். அவளும் கண்ணை மூடி உட்கார்ந்து அதைச் செய்தாள். பிறகு கம்பெனியில் இலவசக் கண் பரிசோதனை முகாம் வந்தது. போகட்டுமா என்று கேட்டாள்.

"ஒண்ணையே நினைச்சுக்கிட்டிருந்தா எங்க பாத்தாலும் அதுதான் தெரியும். இதுவும் மூளை செய்யற வேலைதான். போனீன்னா ஒரு கண்ணாடிய மாட்டி அனுப்புவாங்க, வேற என்ன" என்றார். அவள் போகவில்லை.

அதற்கப்புறம் அவள் சொல்வதை நிறுத்திக்கொண்டாள். கல்யாணமாகி வெளியூரில் இருக்கும் மகள் போனில், உன் குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது, அப்பாவிடம் சொன்னாயா என்று கேட்டாள். "உங்கப்பாகிட்ட எதைச் சொன்னாலும் அதுக்கு ஒரு பாடம் வச்சிருக்கார்டி" என்று சிரித்து மழுப்பிவிட்டாள். நம் வீடுகளில் பெண்களின் உடம்பு வலி பெரும்பாலும் இப்படித்தான் வாய்க்குள்ளேயே நின்றுவிடுகிறது. அதட்டி வாயடைக்கிற வீடும் உண்டு, அன்பாக விளக்கி வாயடைக்கிற வீடும் உண்டு.

வகுப்பு முடிகிற கட்டம் வந்தது. கற்றவர்களில் விருப்பமுள்ளவர்கள் கடைசி இரண்டு வாரங்களில் மேடையேறி ஆளுக்குப் பத்து நிமிஷம் பேசலாம் என்று பேராசிரியை அறிவித்தார். மூளையண்ணனுக்கு அந்த வாரம் முழுக்கக் கால் தரையில் பாவவில்லை. குருட்டுப் புள்ளியைப் பற்றித்தான் பேசுவது, அதையும் ஓர் ஆளை நிற்கவைத்து நேரடியாகச் செய்து காட்டுவது என்று முடிவு செய்தார். ஆளுக்கு எங்கே போவது? மனைவி இருக்கிறாளே. அவள் கூச்சப்பட்டாள். ஒன்றும் தெரியாத ஆளாக இருந்தால்தான் எடுபடும் என்று வற்புறுத்திச் சம்மதிக்க வைத்தார். வீட்டில் ஒரு தடவை செய்து பார்க்கலாமா என்று அவள் கேட்டதற்கு, முன்னாலேயே பார்த்துவிட்டால் முகத்தில் ஆச்சரியம் வராது என்று மறுத்துவிட்டார்.

அரங்கம் நிறைந்திருந்தது. மேடையில் அகலமான வெள்ளைப் பலகை. அதன் வலது கோடியில் ஒரு சிலுவைக் குறி போட்டிருந்தார். மனைவி இரண்டு எட்டு தள்ளி நின்று வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, இடது கண்ணால் அந்தக் குறியை மட்டும் பார்க்க வேண்டும். அவர் நுனியில் கறுப்பு வட்டம் ஒட்டிய ஒரு குச்சியைக் குறியிலிருந்து இடப்பக்கமாக நகர்த்திக்கொண்டே போவார். ஓர் இடத்தில் வட்டம் மறையும். இன்னும் கொஞ்சம் நகர்த்தினால் திரும்பத் தெரியும். மறைகிற அந்த இடம்தான் குருட்டுப் புள்ளி.

அவர் மெதுவாக நகர்த்தினார். அவள் சீக்கிரமே "மறைஞ்சிருச்சு" என்றாள். அரங்கத்தில் ஆர்வமான சலசலப்பு. அவர் பெருமையோடு இன்னும் நகர்த்தி, இப்போது தெரிகிறதா என்று கேட்டார். தெரியவில்லை என்றாள். இன்னும் தள்ளினார். அப்போதும் அதே பதில். பலகை முடிந்துவிட்டது. பலகையைத் தாண்டி மேடையின் திரை வரைக்கும் குச்சியோடு நடந்து போனார். கூட்டம் சிரிக்க ஆரம்பித்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை. பதற்றத்தில் தப்பாகச் சொல்கிறாள், மானம் போகிறது என்று நினைத்து, குச்சியை மேலும் கீழும் வேகமாக ஆட்டினார்.

"ஒழுங்காப் பாத்துச் சொல்லு. இப்ப தெரியுதுல்ல?"

"இல்லீங்க."

முன்வரிசையில் பேராசிரியை மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து மேடைக்கு வந்தார். கணவரை அங்கேயே அசையாமல் நிற்கச் சொன்னார். அவளருகே வந்து, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அந்தக் குறியவே பாருங்கம்மா. கண்ண அசைக்க வேண்டாம். உங்களுக்கு என்ன தெரியுது?"

"குறி தெரியுது. அதைச் சுத்திக் கொஞ்சம் பலகை தெரியுது."

"உங்க வீட்டுக்காரர் எங்க நிக்கிறார்?"

அவள் தயங்கினாள். "தெரியலீங்க. அவர் குரல்தான் வருது."

சிரிப்பு நின்றுவிட்டது. அவர் அவளிடமிருந்து பத்தடிகூட இல்லாத தூரத்தில்தான் கையில் குச்சியோடு நின்றிருந்தார். பேராசிரியை அவள் கையைக் கண்ணிலிருந்து எடுத்துவிட்டு, தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

"நான் டாக்டர் இல்ல. ஆனா இது எல்லாருக்கும் இருக்கற புள்ளி கிடையாது. நாளைக்குக் காத்திருக்காதீங்க. கண் ஆஸ்பத்திரிக்கு இப்பவே போங்க" என்றார்.

ஆஸ்பத்திரியில் அவளை ஒரு கிண்ணம் போன்ற இயந்திரத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். உள்ளே அங்கங்கே சின்ன வெளிச்சம் தோன்றும். தெரிகிறபோதெல்லாம் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். அவர் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, பொத்தான் அழுத்துகிற சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு சத்தம் வரும். பிறகு நீண்ட நேரம் ஒன்றுமே வராது. அந்த இடைவெளியில் உள்ளே எத்தனை வெளிச்சங்கள் வந்து போகின்றனவோ என்று அவர் எண்ணிப் பார்த்தார்.

கண் டாக்டர் முடிவைக் காட்டினார். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டு வந்திருக்கிறது. இடது கண்ணில் பெரும்பகுதி போய்விட்டது, வலது கண்ணிலும் ஆரம்பித்துவிட்டது. போனது திரும்ப வராது. தினமும் சொட்டு மருந்து விட்டு, விடாமல் பரிசோதனைக்கு வந்தால் இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம்.

"இதுல வலி இருக்காது. பார்வை போன இடத்த மூளையே நிரப்பிடும். அதனால நிறையப் பேருக்குக் கடைசி வரைக்கும் தெரியாது" என்றவர் அவள் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு முன்னாடியே ஏதாவது தோணுச்சாம்மா?"

"பக்கத்துல தெரியலைன்னு தோணுச்சு. எல்லாருக்கும் அப்படித்தான் போலன்னு இருந்துட்டேன்" என்றாள் அவள். கணவரின் பேரை அவள் இழுக்கவில்லை. அதுதான் அவரை உடைத்துவிட்டது.

"என்கிட்ட சொன்னா டாக்டர். பல தடவ சொன்னா" என்றார். டாக்டர் மருந்துச் சீட்டை எழுதினார்.

வெளியே வந்து தெருவில் நடக்கும்போது அவர் அவளுடைய இடது பக்கமாக வந்தார். "அந்தப் பக்கம் வர்றதா இருந்தா ஏதாவது பேசிக்கிட்டே வாங்க. இல்லன்னா நீங்க இருக்கறது எனக்குத் தெரியாது" என்றாள் அவள். வாய் ஓயாத அந்த மனிதருக்கு வீடு வரைக்கும் ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தார்.

அடுத்த சனிக்கிழமை அவர் வகுப்புக்குக் கிளம்பவில்லை. படித்ததெல்லாம் போதும், அந்தப் படிப்பே வேண்டாம் என்றார். சொட்டு மருந்து விட்டுக்கொண்டு கண்ணை மூடிப் படுத்திருந்த மனைவி படுத்தபடியே பேசினாள். குரலில் கோபம் இருந்தது. இத்தனை நாள் கழித்து அவள் கோபப்பட்டாள்.

"படிப்பு மேல எதுக்குப் பழி போடறீங்க? அந்த மேடம் உங்களவிட எவ்வளவோ படிச்சவங்க. அவங்க என்கிட்ட என்ன தெரியுதுன்னு கேட்டாங்க. நீங்க ஒரு நாளாவது கேட்டீங்களா? எனக்கு என்ன தெரியணும்னு நீங்கதான் சொல்லிக்கிட்டு இருந்தீங்க. போங்க. போய், பாதியில விட்டுட்டு வந்தீங்களே, அதைப் பேசி முடிச்சுட்டு வாங்க. நானும் வரேன்."

அவர் மறுபடியும் அந்த மேடையில் ஏறினார். குச்சியும் இல்லை, பலகையும் இல்லை. போன வாரம் சிரித்தவர்கள் தலை குனிந்திருந்தார்கள்.

"என் சம்சாரத்துக்கு ஒரு கண்ணுல பாதிக்கு மேல பார்வை போயிடுச்சு" என்று ஆரம்பித்தார். "அவ சொன்னப்பல்லாம் நான் ஒரு விளக்கம் சொன்னேன். எல்லாமே இங்க கத்துக்கிட்டதுதான், எல்லாமே சரியானதுதான். மனுஷ மூளை எப்படியெல்லாம் ஏமாறும்னு மேடம் சொல்லிக் கொடுத்தாங்க. அது அடுத்தவங்க மூளையப் பத்தினதுன்னு நான் நினைச்சுட்டேன். ஏமாந்தது என்னோடது. வீட்டுல ஒருத்தர் உடம்புக்கு என்னமோ பண்ணுதுன்னு சொன்னா, நமக்குத் தெரிஞ்சத வச்சு அவங்க வாய அடைக்காதீங்க. என்ன பண்ணுதுன்னு கேளுங்க. முழுசாக் கேளுங்க. அன்னைக்கே டாக்டர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போங்க. அத விட்டுட்டு எவ்வளவு படிச்சாலும் அதுக்கு அறிவுன்னு பேர் கிடையாது."