ஒன்று, எட்டு, எட்டு

1.

இந்தக் கதை ஒரு சராசரியிலிருந்து பிறந்தது. மறைக்க ஒன்றுமில்லை என்று எழுதத்தான் ஆசை. (நிறைய இருக்கிறது.)

முதல் தொடக்கம்: 'எண்ணூர்க் கழிமுகத்தில் விடியற்காலைப் பனி' — அடித்துவிட்டேன். கண் போன மனிதனின் கதைக்குப் பனி ஒரு கேடா?

இரண்டாவது: 'தனியார் லேப் ஒன்றில் வேலை பார்த்த மெர்லின் ஒரு தவறு செய்தாள்.' இது பொய். ஆனாலும் ஒரு வாரம் இதை வைத்துக்கொண்டு எழுதிப் பார்த்தேன்.

2.

கத்திவாக்கத்தில் இறால் தடவுகிறவர்கள் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து, பறிக்கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்தபடி, இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவுவார்கள். ஆலைக்கழிவு பயம் வந்தபிறகு, தண்ணீரின் அமிலத்தைக் காட்டும் பிஹெச் அளவை மீனவர் சங்கத்துப் பலகையில் தினமும் சாக்பீஸால் எழுதும் வழக்கம் வந்தது. ஐந்தரைக்கு மேல் இருந்தால் இறங்கலாம். பலகையில் ஓர் எண்ணுக்குத்தான் இடம்.

அன்று அளவெடுக்க லேபிலிருந்து வந்த மெர்லின் மூன்று இடங்களில் தண்ணீர் எடுத்தாள். கழிவுக்குழாய் அருகே 1. நடு ஆற்றில் 8. பாலத்தடியில் 8. எனக்குப் போன் செய்தாள்.

"சார், மூணு நம்பர் வருது. போர்டுல ஒண்ணுதான் எழுதணும். இன்னா சார் பண்றது?"

நான் திருவொற்றியூரில் பதினொன்றாம் வகுப்புக்குக் கணக்கு டியூஷன் எடுப்பவன். அவள் என் பழைய மாணவி.

"கூட்டி மூணால வகும்மா," என்றேன்.

5.7 வந்தது. அந்த வாரம் நான் நடத்திக்கொண்டிருந்த பாடம், மடக்கை.

3.

(கணக்கு பிடிக்காதவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். நானும் அப்படித்தான் தாண்டிப் போனேன்.)

பிஹெச் என்பதே ஒரு மடக்கை, அதாவது லாகரிதம். ஓர் எண் குறைந்தால் அமிலம் பத்து மடங்கு. எட்டுக்கும் ஒன்றுக்கும் இடையே ஒரு கோடி மடங்கு. மடக்கைகளைக் கூட்டினால் அளவுகளைப் பெருக்கியதாகும், கூட்டியதாகாது. இதை நூறு தடவை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். முதலில் அமிலத்தைக் கூட்டி, அதை மூன்றால் வகுத்து, பிறகுதான் மடக்கை எடுக்க வேண்டும். ஒன்றின் அமிலத்துக்கு முன் எட்டுகளின் அமிலம் வெறும் தூசு; மூன்றால் வகுத்தால் அந்த ஒன்றிலிருந்து 0.48 மட்டுமே நகரும். விடை 1.48.

அதுகூட வீண் கணக்கு. இறால் தடவுகிற இன்னாசி அன்று இறங்கியது குழாய்க்குப் பக்கத்தில். அங்கே ஒன்று.

4.

இன்னாசி பலகையைப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார். கை எரிந்தது. சேற்றெரிச்சல் என்று நினைத்து, அதே கையால் முகத்தைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். இரண்டு கண்ணும் போய்விட்டன.

[இங்கே ஓர் ஆஸ்பத்திரிக் காட்சி இருந்தது. நன்றாக வந்திருந்தது. வெட்கமாயிருந்தது, கிழித்துவிட்டேன்.]

விசாரணையில் மெர்லின், "கணக்கு போட்டது நான்தான்" என்றாள். வேலை போயிற்று. கேஸும் வரும் என்கிறார்கள். என் பெயரை அவள் சொல்லவேயில்லை. இப்படி ஒரு கதாபாத்திரத்தை யார் நம்புவார்கள்? எனக்கே நம்பிக்கை வராமல் போன் செய்து கேட்டேன்.

"உங்ககிட்ட இன்னும் நாப்பது பசங்க படிக்கிதுங்க சார்," என்றாள்.

கூனிக்குறுகிப் போனேன். போனை வைத்ததும் நிம்மதியாகவும் இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

5.

முடிவு அ: நான் விசாரணை அதிகாரியிடம் போய் நிற்கிறேன்.

முடிவு ஆ: இன்னாசியின் மனைவி ரோசி என்னை மன்னிக்கிறாள். (மானங்கெட்ட முடிவு.)

முடிவு இ: வருடங்கள் கழித்து ஒருநாள் —

இதை எழுதிக்கொண்டிருந்தபோது ரோசியே வந்துவிட்டாள். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. வாசலிலேயே நின்றாள்.

"சார், நீ மெர்லினுக்கு கணக்கு சொல்லிக்குடுத்த வாத்தியாரு. மெய்யச் சொல்லு. அந்தப் பொண்ணு வேணும்னே பண்ணிச்சா? இவரு தெனிக்கும் கேட்டுகினே கீறாரு. யாரத் திட்டறதுன்னு தெரிஞ்சா கொஞ்சமாவது தூங்குவாரு."

"வேணும்னு பண்ணல, ரோசிம்மா."

"அப்ப கணக்க தப்பா போட்டது அந்தப் பொண்ணுதானே?"

இதற்கு நான் சொன்ன பதிலை மூன்று முறை எழுதினேன். மூன்றிலும் உண்மையைச் சொல்லியிருந்தேன். அதனால்தான் மூன்றையும் அடித்தேன். நாலாவதை நீங்கள் எழுதுங்கள். இவ்வளவு தூரம் படித்த உங்களுக்கு என்னைப் பற்றித் தெரிந்திருக்கும்.